பாயின் மூடிய கைக்குள்

இதை எழுத ஆறு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது முறை கவரில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். எட்டாவது வரை படித்தவள் நான். பிழையாக எழுதிவிடுவோமோ என்ற வெட்கத்தால் இல்லை. எழுதினால் நான் செய்ததை மட்டும் எழுதி நிறுத்த முடியாது, செய்யாமல் இருந்ததையும் எழுதியாக வேண்டும். அதுதான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் தெருவில் இந்தக் கதை வேறு மாதிரி உலாவத் தொடங்கிவிட்டதால், இனிமேலும் சும்மா இருந்தால் பாவம் என்று எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன், மாசிமகம் முடிந்த அடுத்த வாரம் நடந்தது. புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், பழைய வெள்ளைக்கார வீடு ஒன்றில் சின்னதாக ஒரு சித்திரக்கூடம் இருந்தது. அதன் பெயர் வேண்டாம். அங்கே பெருக்கித் துடைக்கும் வேலை எனக்கு. வீடு வைத்திக்குப்பத்தில். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். காலையில் ஏழு மணிக்குள் வந்து, பத்து மணிக்கு ஜனங்கள் வருவதற்குள் ஐந்து கூடத்தையும் முடித்துவிடுவேன்.

மற்ற கூடங்களில் கப்பல் படமும் வெள்ளைக்கார துரைமார் படமும் இருக்கும். நடுக்கூடத்தில் அம்மன் இருந்தாள். பலகையில் எழுதி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்த பெரிய படம். கீழே சீட்டில் ராஜராஜேஸ்வரி என்று எழுதியிருக்கும். எனக்கு எங்கள் தெரு அம்மன்தான். தினமும் அவள் மேலிருந்த கண்ணாடியைத் துடைப்பேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முழம் மல்லிகையில் கொஞ்சம் கிள்ளி, சட்டத்தின் மூலையில் செருகிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். மறுநாள் வந்தால் பூ இருக்காது. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்துக்கொள்வேன். ஏழு வருஷம் அப்படித்தான் நினைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே நம்பினேன்.

கேட்டில் காவலுக்கு ஒரு பாய் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. அவர் வீட்டார் காலம் காலமாக ஊரில் ஜவுளி வியாபாரம் செய்தவர்கள். இவர் மட்டும், கடையில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று காவலுக்கு வந்துவிட்டாராம். எல்லாக் கூடத்துச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் போன்ஜூர் சொல்லுவார், என்னைப் பார்த்தாலும் போன்ஜூர் சொல்லிக் கிண்டல் செய்வார். அவருக்கு வீட்டிலிருந்து வரும் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுக்காமல் குடித்தது கிடையாது.

அந்த வாரம் கூடத்தை மூடிவிட்டு, சினிமா எடுக்கப் போகிறார்கள் என்றார்கள். எங்கள் தெருவில் சொன்னதும் ஹீரோ யார், பாட்டு உண்டா என்று கேட்டார்கள். பாயிடம் கேட்டேன். "ஹீரோயின் நீதான். மாப்பு குச்சிய வெச்சிகினு ஒரு டூயட்டு இருக்குதாம்" என்றார். பிறகுதான் தெரிந்தது, அந்த மாதிரிப் படம் இல்லை. சித்திரங்களையே காட்டி, எப்போது எழுதியது, யார் வீட்டிலிருந்து வந்தது, பழுதானால் எப்படிச் சரி செய்கிறார்கள் என்று சொல்கிற படம். எடுக்க வந்த தம்பி ரொம்ப மரியாதையான பையன். சித்திரம் பழுது பார்ப்பதற்கென்றே படித்த ஒரு மேடத்தைச் சென்னையிலிருந்து கூட்டி வந்திருந்தார்.

முதல் இரண்டு நாள் நான் வேலையை மறந்து நின்று பார்த்தேன் என்றே சொல்லலாம். அம்மன் படத்தின் சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றி, படத்தை ஒரு மரத் தாங்கியில் சாய்த்து வைத்தார்கள். ஏழு வருஷத்தில் கண்ணாடி இல்லாமல் அவளைப் பார்த்தது அன்றுதான். தம்பி விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுத்ததை ஒரு டீவியில் பெரிதாகக் காட்டினார். நேரில் பளபளவென்று தெரிந்த இடமெல்லாம், அலை வாங்கிய பிறகு மணல் இருப்பது போல் வரி வரியாக, வெடிப்பு வெடிப்பாக இருந்தது. பலகையின் மேல் துணி, அதன் மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் சேர்த்துக் குழைத்துப் பூசியது, அதன் மேல்தான் ரேக்கு என்று மேடம் கேமராவைப் பார்த்துச் சொன்னார். பின்பக்கம் ஒட்டியிருந்த பழைய பிரெஞ்சுக் காகிதத்தைத் தம்பி படித்துச் சொன்னார். ஊரில் ஏதோ ஒரு பெரிய குடும்பத்துப் பூஜை அறையில் இருந்த படமாம். அவர்கள் பிரான்சுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

புதன்கிழமை மத்தியானம் அது நடந்தது. மேடம் ஒரு குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றினார். அதை நாக்கில் வைத்து எச்சிலால் நனைத்தார். புறங்கையில் ஒற்றிக்கொண்டார். அம்மன் பீடத்துக்குக் கீழே, பாதத்துக்கு நான்கு விரல் தள்ளி, அழுக்கேறிய ஓரத்தில் அந்தப் பஞ்சை மெல்ல உருட்டினார். பஞ்சில் கறுப்பாக அழுக்கு வந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்து வியந்தார்கள். எச்சில்தான் இதற்கு மிக மென்மையானது, உலகம் பூராவும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஒருத்தர் கடித்த பழத்தைச் சாமிக்கு வைப்போமா? பூவைத் தொடுக்கும்போது நாரைப் பல்லால் கடிக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். எச்சிலை அம்மன் மேல் பூசுகிறார்கள், பெரிய பெரிய படிப்பாளிகள் கைகட்டி நின்று பார்க்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ராத்திரி தூங்கினால் அம்மன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தலை குளித்துவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலில் மஞ்சளைக் கரைத்து, இரண்டு வேப்பிலை கிள்ளிப் போட்டு எடுத்துக்கொண்டேன். துவைத்த வெள்ளைத் துணி ஒன்று. வழக்கமான பூ. பாய் ஏழு மணிக்குக் கேட்டையும் கூடங்களையும் திறந்துவிட்டு, வீட்டிலிருந்து வரும் டீயை வாங்கத் தெருமுனைக்குப் போனார். நேராக நடுக்கூடத்துக்குப் போனேன். துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, எச்சில் பட்ட ஓரத்தை முதலில் துடைத்தேன். மனசு ஆறவில்லை. பாதத்தையும் துடைத்தேன். மூன்று முறை. அம்மா, தெரியாமல் செய்துவிட்டார்கள், மன்னித்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். பூவைத் தாங்கியின் விளிம்பில், பாதத்தை ஒட்டி வைத்தேன். துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போனேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

அந்த லேசு மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை.

பத்து மணிக்கு மேடம் வந்தார். படத்தின் முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார், தம்பி சித்திரக்கூடத்து ஆபீசரைக் கூப்பிட்டார். நானும் மாப்புக் குச்சியோடு கதவோரமாகப் போய் நின்றேன். அம்மன் பாதத்தில் ரேக்கு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அடியில் இருந்த சுண்ணாம்பு ஊறி, ஒரு பக்கம் கூழ் மாதிரி வழிந்திருந்தது. கொலுசு இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கல் இல்லை. பள்ளம்தான் இருந்தது.

மஞ்சள் தண்ணீர் எப்படி இப்படிச் செய்யும் என்று எனக்கு விளங்கவே இல்லை. சாமி காரியத்தில் மஞ்சள் எப்போதாவது கெடுதல் செய்திருக்கிறதா?

ஆபீசர் கல்லைப் பற்றித்தான் கேட்டார். கல் எங்கே? யாரோ வேண்டுமென்றே நனைத்து, நெம்பி எடுத்திருக்கிறார்கள் என்றார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். என் முறையும் வந்தது. காலையில் ஏதாவது பார்த்தாயா என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவ சாமி பக்தி உள்ளவ, அவளைப் போய்க் கேட்டுக்கிட்டு என்று அவரே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி அனுப்பிவிட்டார். என் பக்தி என்னைக் காப்பாற்றியது. அந்த நிமிஷம் அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மிச்சம் இருந்தது சாவி வைத்திருந்தவர். டிக்கெட் கொடுக்கும் அம்மா என் காதில் மெல்லச் சொன்னார்: "நம்ம ஆளா இருந்தா அம்மன் கால்ல கைய வெப்பானா? யோசிச்சுப் பாரு." நான் யோசிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பாயிடமிருந்து சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை வரை கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்கள். ஏன் திங்கட்கிழமை என்றால், தம்பி தினமும் காலையில் ஜன்னல் வெயில் நடுக்கூடத்தில் நகர்வதை எடுப்பதற்காக ஒரு சின்ன கேமராவை அலமாரி மேல் வைத்து ஓடவிட்டிருந்தாராம். அதில் எடுத்தது வழக்கம்போல மத்தியானமே சென்னைக்குப் போய்விட்டது, திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை எல்லாரும் சேர்ந்து பார்ப்போம் என்றார். அதைப் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போவதாக ஆபீசர் சொன்னார்.

அப்படி ஒரு கேமரா இருந்தது எனக்குத் தெரியாது. அப்படியானால் நானும் அதில் இருக்கிறேன். துணியோடு, பாட்டிலோடு, மூன்று முறை துடைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். மடித்த துணியை உதறினேன். சிவப்பாக ஒன்று தெறித்து அடுப்படியில் உருண்டது. கல்.

அதைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்துச் சாமி மாடத்தில் வைத்தேன். விளக்கேற்றும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. இப்போது நான் படத்தைக் கெடுத்தவள் மட்டும் இல்லை, திருடியும் ஆகிவிட்டேன். யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை வேலைக்குப் போனபோது பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போன்ஜூர் சொல்லவில்லை. அவர் கை அடிக்கடி இடுப்புக்குப் போய், சாவி இல்லாததைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. டீ வந்ததும் பாதியை எனக்கு ஊற்றி நீட்டினார். வாங்கிக் குடித்தேன். குடித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெரு அம்மன் கோயிலில் போய் உட்கார்ந்தேன். ஒரு வழி காட்டு என்று கேட்டேன். பூ விழும், பல்லி சொல்லும், யாராவது சாமி வந்து சொல்லுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் பாட்டுக்கு இருந்தாள். மத்தியானம் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாய மூடிகினு இரு. நாளைலேர்ந்து வேலைக்குப் போவாத" என்றார் முதலில். கேமரா இருக்கிறதே என்றேன். வரும்போது பார்த்துக்கலாம் என்றார். முந்தானையில் முடிந்து வந்த கல்லை எடுத்துக் காட்டினேன். வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் வலையை மடியில் இழுத்துக்கொண்டார். ஊசியை வலைக்குள் விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து கிளம்பும்போதுதான் தலை நிமிராமல் சொன்னார்:

"கடல்ல நம்ம போட்டு இன்னொருத்தன் வலைய அறுத்துட்டா இன்னா பண்றோம்? தெரியாமத்தான் அறுத்திருப்போம். ஆனா கரைக்கு வந்ததும் நாமளே போயி சொல்லிடணும். அவன் தேடிகினு வந்து கேக்கற மாதிரி வெச்சுக்கக் கூடாது. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

அன்றைக்கே பாய் வீட்டைத் தேடிப் போயிருக்கலாம். அவர் வீடு ஒன்றும் தூரமில்லை. போகவில்லை. அதையும் சேர்த்தால் மூன்று நாள்.

திங்கட்கிழமை கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். சொல்லத்தான் போனேனா, கேமராவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யப் போனேனா என்று கேட்டால், உண்மையாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. ஆபீஸ் அறையில் டீவி முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பாய் சுவரோரமாக நின்றார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே போக அந்தக் கதவுதான் கிட்டத்தில் இருந்தது.

தம்பி படத்தை ஓடவிட்டார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து அலமாரி மேலிருந்த கேமராவை ஓடவிட்டுப் போனதாகச் சொன்னார்.

எட்டு மணி. நான் துடைத்தது ஏழு மணிக்கு.

என் மூச்சு திரும்பி வந்தது. நான் அதில் இல்லை. எங்கேயும் இல்லை. அந்தக் கல்லை எங்கேயாவது கூடத்து மூலையில் போட்டுவிட்டால், பெருக்கும்போது கிடைத்தது என்று நானே எடுத்துக் கொடுத்துவிடலாம். அவ்வளவு வேகமாக மனசு கணக்குப் போட்டது. சாமி கும்பிடுகிற மனசுதான் அது.

டீவியில் வெயில் தரையில் நகர்ந்தது. வேகமாக ஓடவிட்டதால், அலை ஏறுவது மாதிரி வந்தது. அம்மன் ஓரமாகத் தெரிந்தாள், கால்மாடு மங்கலாக இருந்தது. திடீரென்று ஓர் ஆள் உள்ளே வந்தார். தம்பி சட்டென்று வேகத்தைக் குறைத்தார்.

பாய்.

வாசலைத் திரும்பிப் பார்த்தார். படத்திடம் வந்தார். மறுபடியும் வாசலைப் பார்த்தார். குனிந்தார். அம்மன் காலடிக்குக் கையைக் கொண்டுபோனார். எதையோ எடுத்தார். அதைக் கைக்குள் மூடிக்கொண்டு வெளியே போனார்.

டிக்கெட் கொடுக்கும் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். ஆபீசர் தம்பியிடம் மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் குனிந்தார், எடுத்தார், மூடினார், போனார். மூன்றாவது முறையும் போட்டார்கள்.

"பாய், இன்னா எடுத்தீங்க?" என்று ஆபீசர் கேட்டார்.

"தூசி தட்னேன்யா."

"தூசியத் தட்டிட்டுக் கைய மூடிக்கிட்டு ஏன் போறீங்க?"

கேள்வியை இரண்டு முறை, மூன்று முறை கேட்டார்கள். குரல் ஏறியது. பாய் டீவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவர் மூடிய கை பெரிதாக, அசையாமல் நின்றிருந்தது. நிஜத்தில் அவர் கை இடுப்புக்குப் போனது, திரும்பியது.

எனக்கு மட்டும் அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டது. ஏழு வருஷம் என் பூவை ஏற்றுக்கொண்ட கை அதுதான் என்பதும் அந்த நொடியில்தான் தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்திருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். நிச்சயம் குனிந்திருப்பேன். ஆனால் அவர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் நிற்கும் பக்கம் பார்த்தால்கூட யாராவது என்னைச் சந்தேகப்படுவார்களோ என்பது போல, கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றார். ஆபீசர் போனை எடுத்தார்.

முந்தானை முடிச்சு அவிழவில்லை. பல்லால் அவிழ்த்தேன். நடந்து போய்க் கல்லை மேஜை மேல் வைத்தேன்.

"அவரு கையில இருந்தது பூவுங்க ஐயா. நான் வெச்ச பூ. மஞ்சத் தண்ணி ஊத்தித் தொடச்சதும் நான்தான். அவரு ஒண்ணும் பண்ணல."

அதற்கு மேல் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. எச்சில், தீட்டு, வேப்பிலை என்று ஏதேதோ உளறியிருப்பேன். தம்பி மட்டும் டீவிக்குக் கிட்டே போய், மூடிய கையைப் பெரிதாக்கினார். விரல் இடுக்கில் வெளிறின வாழை நார் ஒன்று அரை விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பூச்சரத்தின் முனை. மூன்று முறை பார்த்தபோதும் அது அங்கேதான் இருந்தது. பத்து ஜோடிக் கண்ணில் ஒன்றுக்கும் தெரியவில்லை.

ஆபீசர் போனை வைத்துவிட்டு, முதலில் பாயைத்தான் திட்டினார். "இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லி?" என்றார் பாய். அவ்வளவுதான்.

மேடம் ஒரு சிறு இடுக்கியால் கல்லை எடுத்துப் பார்த்தார். விலை உள்ளதா என்று யாரோ கேட்டார்கள். வெறும் கண்ணாடிதான், ஆனால் இந்தப் படத்தோட கண்ணாடி என்றார். என்னை உட்காரச் சொன்னார். கோபம் இல்லை, ஆனால் சமாதானமாகவும் பேசவில்லை. தான் நனைத்த பஞ்சைப் புறங்கையில் ஒற்றியது அதில் ஈரம் நிற்கக்கூடாது என்பதற்குத்தான், அடியில் இருப்பது வெறும் சுண்ணாம்பும் பசையும், தண்ணீர் பட்டால் சர்க்கரை மாதிரிக் கரைந்துவிடும் என்றார். பிறகு பெரிதாக்கிக் காட்டும் கருவியைக் கொண்டுவந்து பாதத்தின் மறுபக்கத்தைப் பார்க்கச் சொன்னார். ரேக்கின் மடிப்பில் பழைய சந்தனமும் குங்குமமும் கல் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தன. பூஜை அறையில் இருந்த காலத்தில் யாரோ ஒரு பெண் வைத்தது.

"அதை நான் எடுக்க மாட்டேன். அது இந்தப் படத்தோட சரித்திரம். உங்க மஞ்சளை எடுத்துத்தான் ஆகணும். அது இன்னும் அரிக்குது" என்றார்.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் பக்தியில் என்ன வித்தியாசம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பிறகு யோசித்ததில் தோன்றியது: அவள் தன் வீட்டுச் சாமிக்கு வைத்தாள். நான் ஊர் என்னை நம்பிக் கொடுத்த பொருளில் கையை வைத்தேன்.

வேலை போய்விட்டது. போக வேண்டியதுதான். போலீஸ் வேண்டாம் என்று மேடம் சொன்னதால் விட்டார்கள். வெளியே வரும்போது கேட்டில் பாய் சாவிக் கொத்தை மறுபடியும் இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் காலில் விழலாம் என்று குனிந்தேன். தள்ளிப் போய்விட்டார்.

"மூணு நாளு உன் வாயி எங்க போயிருந்துச்சு?" என்றார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. "நேத்து என் ஊட்டாண்ட வந்து நாலு பேரு எட்டிப் பாத்துட்டுப் போறான். என் பொஞ்சாதி கேக்குறா, எடுத்தீங்களான்னு. எங்கிட்டயே கேக்குறா."

நான் அழுதேன். அவர் அழச் சொல்லவும் இல்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, நீங்கள் ஏன் என்னிடம் முன்னாலேயே பூ வைக்காதே என்று சொல்லவில்லை என்று கேட்டேன்.

சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எப்டிச் சொல்றது? பூ ஈரம் ஆவாது, எறும்பு வரும்னு எனக்குத் தெரியும். ஆனா ஒஞ்சாமிக்குப் பூ வெக்காதன்னு நான் சொன்னா, அது பூவப் பத்தின பேச்சா இருக்குமா? உள்ள கேட்டாங்களே, அப்பயும் அதான். சாமி பூவ எடுத்தேன்னு நான் சொன்னா, கல்ல எடுத்தேன்னு சொல்றத வுட மோசமாயிடும்." கொல்லைப்புறம் கையைக் காட்டினார். "குப்பைல போடல. அந்த மரத்தடில, கால் படாத எடத்துலதான் வெப்பேன். ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும்."

போய்ப் பார்த்தேன். வேப்ப மரம். வேருக்கும் சுவருக்கும் நடுவில், காய்ந்த நார் கொத்தாகக் கிடந்தது.

ஒரு வருஷம் கழித்து தம்பி எடுத்த படத்தை ஊரில் ஒரு ஹாலில் போட்டுக் காட்டினார்கள். தம்பி வீட்டுக்கே வந்து அழைத்தார். நானும் வீட்டுக்காரரும் போனோம். பாதி வரைக்கும் கப்பல், துரைமார், பழைய வீடுகள். அப்புறம் அம்மன். மேடம் இரண்டு மாதம் உட்கார்ந்து கொப்புளத்தை ஒவ்வொன்றாகப் படிய வைத்ததைக் காட்டினார்கள். கல்லை அதன் குழியில் வைத்ததையும் காட்டினார்கள். முகத்தைக் காட்டாமல், என் இரண்டு கையை மட்டும் காட்டி, நான் சொன்னதை என் குரலிலேயே போட்டார்கள். நான் சம்மதித்துத்தான் சொல்லியிருந்தேன். பாயும் சம்மதித்திருந்தார். வெயில் நகரும் காட்சியும், அவர் குனிவதும், மூடிய கையும், நார் முனையும் வந்தன. எனக்கு முன் வரிசையில் பாய் தன் சம்சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வருஷத்தில் எங்களுக்குள் நாலு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. திரும்பினார்.

"பாத்தியா, ஹீரோ யாருன்னு கேட்டியே" என்றார்.

அவர் சம்சாரம்தான் முதலில் சிரித்தது.

இப்போது எதற்கு எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இந்தக் கதையை அம்மன் அற்புதமாகச் சொல்கிறார்கள். அம்மனே கேமராவில் வந்து நிரபராதி யாரென்று காட்டினாளாம். காணாமல் போன கல் தானாகப் படத்தில் போய் உட்கார்ந்ததாம். போன ஆடியில் ஓர் அம்மா, அந்தக் கதையை எனக்கே சொன்னார். அம்மன் மேல் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை விரதம் உண்டு, என் வீட்டு மாடத்தில் பூ உண்டு. ஆனால் அன்றைக்கு அவள் ஓர் அற்புதமும் செய்யவில்லை. என் பூவை எடுத்தது பாய். கல்லைத் திரும்ப வைத்தது மேடம். நடுவில் மூன்று நாள், அவர் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, அவர் மேல் விழுந்த பழியை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். இதைப் படித்து யாரிடமாவது சொல்வதானால், எனக்காக ஒன்று செய்யுங்கள். கதையை அழகாக்க வேண்டாம். அந்த மூன்று நாளை மட்டும் விட்டுவிடாமல், ஒரு நாள்கூடக் குறைக்காமல் சொல்லுங்கள். அதைக் குறைத்தால், குறைகிற ஒவ்வொரு நாளும் மறுபடியும் அந்த மனிதர் மேல்தான் பழியாகப் போய் விழும்.